ஒரு வாற்று வருமானம்
சின்னஞ்சிறு செய்மதிகளின் மின்சாரக் கதை

விண்வெளியைப் பற்றிப் பேசுங்கால், வானளாவிய ரொக்கற்றுகளும் ஒரு வீட்டளவு பெரிய செய்மதிகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின், பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளுள் ஒரு பள்ளி மாணவன் தன் இரு கைகளுள் அடக்கிவிடக்கூடிய சிறு பெட்டிகளும் உள. அவற்றின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர். நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம். ‘கியூப்சற்’ என வழங்கும் இவ்வினத்திற்கு 1999 ஆம் ஆண்டில் இலக்கணம் வகுத்தவர் இருவர். ஒருவர் கலிபோர்ணியா மாநிலப் பொலிரெக்னிக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோர்டி புய்க்-சுவாரி. மற்றவர் ஸ்ரான்போட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பொப் ருவிக்ஸ். மாணவர் தம் படிப்புக் காலத்திற்குள்ளேயே ஒரு செய்மதியை உருவாக்கி முடித்தல் வேண்டும் என்பதே அவர்களது நோக்கம்.

2003 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள், ருஷ்ய நாட்டின் வடபாகத்திலுள்ள பிளெசெத்ஸ்க் ஏவுதளத்திலிருந்து எழுந்த ரொக்கற் ஒன்று இவ்வினத்தைச் சேர்ந்த சில செய்மதிகளை முதன்முதலாக விண்ணிற்குக் கொண்டு சென்றது. அவற்றுள் டென்மார்க்கின் ‘டி.ரி.யு.சற்’, கனடாவின் ‘கான்-எக்ஸ் 1’ என்னும் இரண்டிடமிருந்து ஒரு சொல்லேனும் பூமிக்கு வரவில்லை. டென்மார்க்கின் ஓல்போர்க் சர்வகலாசாலை மாணவர் செய்த மற்றொன்று ஏறத்தாழ இரண்டரை மாதம் பேசியது, பின்னர் ஓய்ந்தது. ஜப்பானின் ரோக்கியோ சர்வகலாசாலை மாணவர் செய்த ‘எக்ஸ்.ஐ. 4’ என்பதோ இருபது ஆண்டுகளைக் கடந்தும் பேசியது.

ஒரே நாள், ஒரே ரொக்கற், ஏறத்தாழ ஒரே நிறை. ஆயினும் ஆயுள் வேறு வேறாயிற்று. ஊமையாகிப் போனவற்றைத் திறந்து பார்க்க விண்ணில் எவருமில்லை. ஆயின், ஓல்போர்க் செய்மதியின் முடிவுக்குக் காரணம் தெளிவாகவே அறியப்பட்டது. அதன் பற்றரி வலுவிழந்து போயிற்று. மாணவர் செய்த சிறு செய்மதிகள் செயலிழந்தமைக்குக் காரணங்களை ஆராய்ந்தோர், மின்வலு வழங்கும் பகுதியை முன்வரிசையில் வைத்து எண்ணுவர். படம் பிடிக்கும் கமராவும் செய்தி அனுப்பும் வானொலியும் எவ்வளவு சிறந்தனவாயினும், ஈட்டல், சேமித்தல், செலவிடல் என்னும் மூன்றும் ஒழுங்காக நடைபெறாத செய்மதி வெறும் உலோகப் பெட்டியே. அம்மூன்றும் நடைபெறும் விதத்தை இங்குச் சிறிது நோக்குவோம்.

முதலையே தின்று முடித்த செய்மதி

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் நாள் சோவியத் நாடு அனுப்பிய ‘ஸ்புட்னிக்’ உலகை வியப்பில் ஆழ்த்தியதை யாவரும் அறிவர். அதன் நிறை 83.6 கிலோகிராம். அதிற் பாதிக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 51 கிலோகிராம், வெள்ளி-நாகப் பற்றரிகளே என்பதைப் பலர் அறியார். 1 வாற்று வலுவுள்ள வானொலியை இயக்குவதற்கே அத்தனை சுமை வேண்டியிருந்தது. அப்பற்றரிகளை மீண்டும் மின்னேற்றுவதற்கு வழியில்லை. மூன்று வாரங்களில் அவை தீர்ந்தன. ஸ்புட்னிக் மௌனமாயிற்று. மௌனமாகவே சுற்றிக்கொண்டிருந்து 1958 ஜனவரி 4 ஆம் நாள் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. வருவாய் எதுவுமின்றி முதலையே உண்டு வாழ்ந்தவனின் நிலை அது.

இதற்கு மாற்று அப்பொழுதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவரும் சிலிக்கனாலான சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டினர். அதன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. விலையோ மிக அதிகம். பூமியில் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதியோர் பலர். ஆயின், அமெரிக்கத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவிற் பணியாற்றிய ஹான்ஸ் சீக்ளர் என்பார், செய்மதிக்கு ஏற்றது இதுவே என்று விடாது வாதாடினார்.

அவ்வாதத்தின் பயனை 1958 மார்ச் 17 ஆம் நாள் ஏவப்பட்ட ‘வன்கார்ட் 1’ என்னும் செய்மதியிற் கண்டோம். 16.5 சென்ரிமீற்றர் விட்டமும் 1.47 கிலோகிராம் நிறையும் உடைய அச்சிறு உருண்டையைச் சோவியத் தலைவர் குருஷேவ் ஒரு பழத்துக்கு ஒப்பிட்டு எள்ளினார். அதில் இரண்டு வானொலிகள் இருந்தன. ஒன்று பாதரசப் பற்றரியால் இயங்கும் 10 மில்லிவாற்று வானொலி; மற்றையது ஆறு சூரியக் கலங்களால் இயங்கும் 5 மில்லிவாற்று வானொலி. பற்றரியால் இயங்கியது அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அடங்கிவிட்டது. சூரியனை நம்பியதோ 1964 மே மாதம் வரை பேசியது. பெரிய கையிருப்பினும் சிறிய வருவாய் மேல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? எள்ளி நகையாடப்பட்ட அவ்வுருண்டை, குரல் இழந்த நிலையிலும், இன்றும் பூமியைச் சுற்றிவருகின்றது.

வரவு எவ்வளவு?

இனி, 10 சென்ரிமீற்றர் பெட்டியொன்றின் வருவாயைக் கணக்கிடுவோம். பூமியின் சுற்றாடலில், வளிமண்டலத்துக்கு வெளியே, 1 சதுர மீற்றர் பரப்பின்மீது நேராக விழும் சூரிய ஒளியின் வலு ஏறத்தாழ 1,361 வாற்று. நமது பெட்டியின் ஒரு முகம் 100 சதுர சென்ரிமீற்றர். அதன்மீது விழுவது 13.6 வாற்று. முகம் முழுவதையும் கலங்களால் மூடுதல் இயலாது. திருகாணிகளுக்கும் கமராவின் கண்ணுக்கும் இடம் விட்டபின், சுமார் 60 சதுர சென்ரிமீற்றரே எஞ்சும். இக்காலத்துச் சிறந்த கலங்கள் நூற்றுக்கு முப்பது பங்கு ஒளியை மின்சாரமாக்குவன. ஆகவே, ஒரு முகம் தருவது ஏறத்தாழ 2.4 வாற்று.

அதுவும் சூரியனை நேரே நோக்கும்போது மட்டுமே. பெட்டி புரண்டுகொண்டிருக்குமாயின் சில முகங்கள் சாய்வாக ஒளி பெறும். சில இருளில் இருக்கும். ஆதலால் வெயிலில் இருக்குங்காலை சராசரி 2 வாற்று என்று கொள்வோம். 400 கிலோமீற்றர் உயரத்திற் பறப்பது பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 92 நிமிடம் எடுக்கும். அதில் 36 நிமிடம் வரை பூமியின் நிழலிற் கழியும். எஞ்சிய 56 நிமிட வெயிலிற் பெறுவது 1.9 வாற்று-மணிக்குச் சற்றுக் குறைவு. சேமிப்பதிலும் மீட்பதிலும் ஏற்படும் நட்டத்தைக் கழித்து, முழுச் சுற்றுக்கும் பகிர்ந்தால், எந்நேரமும் செலவிடக் கிடைப்பது ஏறத்தாழ 1 வாற்று. நம் வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாற்று மின்குமிழில் ஒன்பதில் ஒரு பங்கைக்கொண்டு இந்தச் செய்மதி குடித்தனம் நடத்தவேண்டும்.

இந்தச் சிறு வருவாயைப் பெறுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சூரியக் கலத்திலிருந்து அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்தால் அதன் மின்னழுத்தம் சட்டென வீழ்ந்துவிடும். மிகக் குறைவாக இழுத்தால் கிடைக்கக்கூடியது வீணாகும். துலாவால் நீரிறைப்போர் இதனை எளிதில் உணர்வர். வாளி நிரம்புமுன் அவசரப்பட்டு இழுத்தால் அரை வாளி நீரே வரும். நிரம்பியபின்னும் தாமதித்தால் பொழுதுதான் போகும். மிகுந்த பயன் தரும் இடை நிலை ஒன்றுண்டு. அந்நிலையும் நிலையானதன்று. நிழலிலிருந்து வெளிவரும் செய்மதியின் கலங்கள் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த கலம் உயர்ந்த மின்னழுத்தம் தரும். வெயிலிற் சூடேறச் சூடேற அது குறையும். ஆதலால், ஒரு சிறு மின்சுற்று ஓயாது அவ்வுச்ச நிலையைத் தேடித் தேடிப் பின்பற்றுகின்றது.

செலவும் சேமிப்பும்

செலவுப் பக்கத்தை நோக்குவோம். கணனியும் பூமியின் கட்டளையைக் கேட்கும் வானொலி வாங்கியும் ஒருபோதும் உறங்கலாகாது. இரண்டிற்குமாக அரை வாற்று எனக் கொண்டால், ஒரு சுற்றில் 0.77 வாற்று-மணி. செய்தி அனுப்பும் வானொலி 4 வாற்று இழுக்குமாயின், தரை நிலையத்தின் மேலாகக் கடக்கும் 10 நிமிடத்தில் 0.67 வாற்று-மணி. இரண்டுஞ் சேர்ந்து வரவின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. கமராவுக்கும் பிறவற்றுக்கும் எஞ்சுவது மிகச் சிறிதே. ஏதோ ஒரு பிழையால் அனுப்பும் வானொலி அணையாது சுற்று முழுவதும் இயங்குமாயின் 6 வாற்று-மணிக்கு மேல் வேண்டும். அது வருவாயின் மும்மடங்கு. சில சுற்றுகளுக்குள் வீடு இருண்டுவிடும்.

நிழலிற் கழியும் நிமிடங்களுக்காகப் பற்றரி வேண்டும். இக்காலத்திற் பெரும்பாலும் பயன்படுவது கைத்தொலைபேசியிலும் மடிக்கணனியிலும் உள்ள இலிதியம்-அயன் பற்றரியே. 10 வாற்று-மணி கொள்ளும் பற்றரியை வைத்திருந்தும், ஒவ்வோர் இரவிலும் அதிற் பத்திலொரு பங்கு அல்லது ஐந்திலொரு பங்கையே எடுக்குமாறு பொறியியலாளர் திட்டமிடுவர். எஞ்சியது ஏன் கையிருப்பில் கிடக்கவேண்டும் என்று கேட்கலாம். நமது கைத்தொலைபேசியை நாளுக்கு ஒருமுறை மின்னேற்றுகின்றோம். செய்மதியோ நாளொன்றுக்குப் பதினைந்து தடவைக்கு மேல் இரவு பகல் காண்பது. ஓராண்டில் ஏறத்தாழ 5,700 தடவை அதன் பற்றரி இறங்கி ஏறும். தொலைபேசியின் பதினைந்து ஆண்டு உழைப்பை அது ஓராண்டிற் செய்துவிடுகின்றது. ஒவ்வொரு முறையும் அடி மட்டம்வரை வழித்தெடுத்தால் பற்றரி விரைவில் மடியும். மேலோட்டமாக எடுத்தால் நீடித்து உழைக்கும்.

குளிரும் ஒரு பகையே. உறைநிலையாகிய 0 பாகை செல்சியசுக்குக் கீழே இலிதியம்-அயன் பற்றரியை மின்னேற்றினால், இலிதியம் மின்வாயின் உள்ளே புகாது அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். கொள்ளளவு குறையும், உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகவும் கூடும். இதனாற் பற்றரியை ஒரு சிறு வெப்பமூட்டியோடு சேர்த்துக் கட்டுவர். அவ்வெப்பமூட்டியும் அந்த ஒரு வாற்று வருமானத்திலேயே வாழவேண்டும் என்பதுதான் சங்கடம்.

உறக்கமும் காவலும்

ரொக்கற்றின் உள்ளே இருக்கும்போது செய்மதி முழு உறக்கத்தில் இருத்தல் வேண்டும். உள்ளிருந்து எழும் வானொலி அலை ரொக்கற்றின் கருவிகளைக் குழப்பக்கூடும் என்ற அச்சமே காரணம். பெட்டியின் காலடியில் உள்ள சிறு ஆளி அழுந்தியிருக்கும் வரை பற்றரியின் தொடர்பு அறுபட்டிருக்கும். பெட்டி வெளியே தள்ளப்பட்டவுடன் ஆளி விடுபடும். அப்பொழுதும் உடனே பேச அனுமதியில்லை. அலைவாங்கிகளை விரிக்கவே அரைமணி நேரம் காத்திருத்தல் வேண்டும் என்பது வழக்கமான விதி. அந்த ஆளி ஒன்று சிக்கிக்கொண்டால், ஆண்டுக் கணக்கான உழைப்பு விழிக்காமலே போய்விடும்.

விண்வெளியில் விரைந்து திரியும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளால் வேறோர் ஆபத்து உண்டு. அத்துணிக்கையொன்று நுண்சுற்றினுட் பாய்ந்தால், மின்சாரம் தடையின்றி ஓடும் குறுக்குவழி ஒன்று திறந்துவிடலாம். மின்னோட்டம் திடீரெனப் பெருகும். அவ்வாறே விட்டால் சுற்று கருகும். வீட்டு உருகி எரிந்து போனால் நாம் புதியது போடலாம். 400 கிலோமீற்றர் உயரத்திற் போடுவார் யார்? ஆகவே, மின்வலுப் பலகையிற் காவற் சுற்று ஒன்று அமர்ந்திருக்கின்றது. மின்னோட்டம் எல்லை மீறியவுடன் அது தொடர்பைத் துண்டிக்கும். சிறிது பொறுத்து மீண்டும் கொடுக்கும். பற்றரி தாழ்ந்தால் முதலிற் கமராவையும், பின்னர் அனுப்பும் வானொலியையும் அணைத்து, கேட்கும் காதை மட்டும் இறுதிவரை காப்பாற்றும். பஞ்சகாலத்தில் எதனை முதலில் விடுவது, எதனை விடாது பிடிப்பது என்பதைப் பூமியில் இருக்கும்போதே முடிவு செய்துவிடல் வேண்டும்.

மாண்டு மீண்டதும் மீளாததும்

‘ஒஸ்கார் 7’ என்னும் செய்மதியின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. இது சற்றுப் பெரியது; ஏறத்தாழ 29 கிலோகிராம். பல நாடுகளைச் சேர்ந்த அமெச்சூர் வானொலி ஆர்வலர் தம் ஓய்வு நேரத்திற் செய்தது. 1974 நவம்பர் 15 ஆம் நாள் ஏவப்பட்டு, நன்றாக உழைத்து, 1981 இற் பற்றரியில் ஏற்பட்ட குறுஞ்சுற்றால் அடங்கிப் போயிற்று. சூரியத் தட்டுகள் நலமாகவே இருந்தன. ஆயின், அவை ஈட்டியதையெல்லாம் கெட்ட பற்றரி விழுங்கிக்கொண்டிருந்தது. இருபத்தொரு ஆண்டுகளின் பின், 2002 ஜூன் 21 ஆம் நாள், அதன் குரல் மீண்டும் கேட்டது! குறுஞ்சுற்றான பற்றரி காலப்போக்கில் முற்றாக அறுபட்டுத் தொடர்பு விட்டதால், சூரியத் தட்டுகளின் மின்சாரம் நேராக வானொலியை அடைந்தது. அதன்பின் வெயிலில் விழிப்பதும் நிழலில் உறங்குவதுமே அதன் வாழ்வாயிற்று. பற்றரி மாண்டாலும் அது ஏனைய உறுப்புகளையும் இழுத்து வீழ்த்தாதவாறு சுற்றை அமைத்தல் வேண்டும் என்ற பாடத்தை அது நமக்கு விட்டுச் சென்றது.

ஒஸ்காருக்குக் கிட்டிய பேறு எல்லாவற்றிற்கும் கிட்டுவதில்லை. 2022 நவம்பர் 16 ஆம் நாள், ‘ஆட்டெமிஸ் 1’ பயணத்தோடு ஜப்பானின் ‘ஒமொரெனாஷி’ என்னும் சிறு செய்மதி சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. விருந்தோம்பல் என்பது அப்பெயரின் பொருள். 13 கிலோகிராமுக்கும் குறைந்த நிறையோடு சந்திரனில் இறங்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். வெளியே விடப்பட்ட செய்மதி வேகமாகச் சுழன்றது. அதன் சூரியக் கலங்கள் சூரியனுக்குப் புறங்காட்டி நின்றன. பற்றரி தாழ்ந்தது. திசை திருப்புவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் பெறுவதற்குத் திசை திரும்பவேண்டும். இந்த இடுக்கிலிருந்து அது மீளவில்லை. நவம்பர் 22 ஆம் நாள் இறங்கும் முயற்சி கைவிடப்பட்டது. சூரியனோ எங்கும் மறையவில்லை. எந்நேரமும் அதன் முதுகிற் காய்ந்துகொண்டே இருந்தது.

நமது நாட்டுப் பெட்டி

இலங்கையின் முதலாவது ஆராய்ச்சிச் செய்மதியாகிய ‘இராவணா 1’ உம் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நிறை 1.05 கிலோகிராம். ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில், நேபாளத்தினதும் ஜப்பானினதும் செய்மதிகளோடு உடன்பிறப்பாக, இலங்கைப் பொறியியலாளர் இருவர் அதனை உருவாக்கினர். 2019 ஏப்ரல் 17 ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பட்டு, ஜூன் 17 ஆம் நாள் அங்கிருந்து வெளியே விடப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் வளிமண்டலத்துட் புகுந்து எரிந்து மறைந்தது. விண்வெளி நிலையத்தின் உயரத்தில் விடப்படும் சிறு பெட்டிகள் யாவற்றுக்கும் அதுவே இயல்பான முடிவு. இருக்கும் வரை இந்த ஒரு வாற்றுக் கணக்கிலேதான் இத்தகைய பெட்டிகள் காலங்கழிக்கின்றன.

இத்துறையில் நாட்டமுள்ள இளைஞர் நமது பாடசாலைகளிற் பலர் உளர். செய்மதியென்றால் அவர்களுட் பெரும்பாலோர் முதலிற் கேட்பது, என்ன படம் எடுக்கும், எவ்வளவு தூரம் பேசும் என்பனவே. அவை நல்ல வினாக்கள்தாம். ஆயின், அவற்றுக்கு முன் கேட்கவேண்டியது, அது எவ்வளவு ஈட்டும், எவ்வளவு செலவிடும், இருளில் எதனைக்கொண்டு உயிர் தாங்கும் என்பதே. இக்கணக்கைப் போடுவதற்கு எட்டாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும். ஒரு சிறு சூரியத் தட்டும், மின்னேற்றக்கூடிய பற்றரியும், ஓர் அளவுமானியும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பரிசோதனையைத் தொடங்கலாம். தட்டை வெயிலிற் சாய்த்தும் நிமிர்த்தியும், நிழலில் வைத்தும் மீட்டும், காலை முதல் மாலை வரை வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதி வரட்டும்.

ஓல்போர்க் மாணவருக்கும் ரோக்கியோ மாணவருக்கும் அறிவிலோ ஆர்வத்திலோ ஏற்றத்தாழ்வு இருந்ததென்று கூறுதல் தகாது. பற்றரி நிலைத்தது ஒன்று, நிலையாதது மற்றொன்று. ரொக்கற்றிற் பெட்டியை ஏற்றிய பின் எந்தப் பொறியியலாளனும் ஒரு திருகாணியைத்தானும் இறுக்கமுடியாது. ஆகையால், குளிரிலும் வெப்பத்திலும் வெற்றிடத்திலும் அந்தச் சிறு மின்வலுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் சலிப்பான வேலையை மனமுவந்து செய்பவனே செய்மதிக்கு ஆயுள் கொடுப்பவன். நாளை நம் மாணவர் இன்னொரு பெட்டியை விண்ணுக்கு அனுப்பும் காலம் வருமாயின், அவர்களுள் ஒருவராவது இவ்வேலையை விரும்பி ஏற்பாராக.